கதவு இறங்கினால் பூட்டைத் தொடாதீர்கள்

பழைய வண்டியின் கதவு சரியாகச் சாத்தவில்லை என்றால் பெரும்பாலானவர்களின் கை முதலில் பூட்டுக்குத்தான் போகிறது. பில்லரில், அதாவது கதவை ஒட்டிய தூணில், பூட்டு கவ்விக்கொள்ளும் ஸ்ட்ரைக்கரை லூஸ் செய்து ஒரு நூல் அளவு கீழே இறக்குவார்கள். அடுத்த மழைக்காலத்தில் இன்னொரு நூல். இறக்க இடமில்லாமல் போனதும் சுத்தியல் வரும். கதவு எப்படியோ சாத்திக்கொள்ளும், வண்டிக்காரரும் காசு கொடுத்துவிட்டுப் போவார். நோய் இருப்பதோ எதிர்ப்பக்கத்தில், கீலில். அங்கே நடுவில் சொருகிய பின் (கம்பி) தேய்ந்துகொண்டே இருக்கும், இல்லாவிட்டால் துரு ஏறி இறுகிக்கொண்டே இருக்கும். ராமநாதபுரம் கடற்கரையில் வண்டி வைத்திருப்பவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். மதுரைப் பக்கம் வண்டிக்கு வயதான பிறகு வருகிற கோளாறு நமக்கு வெகு முன்னதாகவே வந்துவிடுகிறது.

நான் உச்சிப்புளியில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். தோப்புகளில் ஓடும் பம்புசெட் மோட்டாரைக் கழற்றிக் கொண்டுவரவும், காயில் கட்டி முடித்துத் திரும்ப மாட்டவும் ஒரு பழைய மஹிந்திரா ஜீப் வேண்டியிருக்கிறது. ராமேஸ்வரத்தில் ஒரு அண்ணனிடம் வாங்கினேன். அரிச்சல்முனை வரைக்கும் 2017ல் தார் ரோடு திறந்தார்கள் அல்லவா, அதற்கு முன்னால் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு மணலிலும் தண்ணீரிலும் ஆள் ஏற்றிக்கொண்டு ஓடிய ஜீப்களில் இதுவும் ஒன்று. இன்ஜினும் கியர் பாக்ஸும் நன்றாகவே இருந்தன. கதவுகளில்தான் கடலின் வேலை தெரிந்தது. டிரைவர் பக்கக் கதவு தேய்ந்து தொங்கியது. இடது பக்கக் கதவின் கீழ்க் கீல் அசையவே இல்லை. தேய்மானம், இறுக்கம் இரண்டும் ஒரே வண்டியில்.

இந்த மாதிரி ஜீப்கள் பெரும்பாலும் படுதா போட்டுத்தான் ஓடின. இரும்புக் கதவு பிற்பாடு பாடி கட்டும் பட்டறையில் போட்டது. கீலும் அங்கேயே செய்ததுதான்: கனமான தகட்டில் குழாய்த் துண்டுகளை வைத்துப் பற்றவைத்து, நடுவே ஒரு ராடைச் சொருகியிருப்பார்கள். பின்னுக்கும் குழாய்க்கும் நடுவே புஷ் என்கிற உலோக உறை கிடையாது, கிரீஸ் போக ஓட்டை கிடையாது. இரும்பின் மேல் இரும்பு உரசும். உள்நாட்டில் இது பல வருடம் ஓடும். நம் ஊரில் ஓடாது.

ஏன் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் கல்லுப்பு ஜாடி தானாகக் கசிவதை எல்லோரும் வீட்டில் பார்த்திருப்போம். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது, அதற்கு சுமார் 33 சதவீதமே போதும். அதாவது, நம் பகுதியில் கீலின் இடுக்கில் ஒருமுறை கடல் உப்பு படிந்துவிட்டால் அந்த இடம் முழுதாகக் காய்வதே அபூர்வம். கோடையில் மேலே கை வைத்தால் சுடும், உள்ளே பின்னைச் சுற்றி ஈரம் இருக்கும். மழையே பெய்யாத மாதங்களிலும் துரு வளர்வது இதனால்தான்.

துருவுக்கு இன்னொரு குணம் உண்டு. இரும்பு துருவாக மாறும்போது முன்பிருந்ததைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடத்தை அடைக்கும். பின்னுக்கும் குழாய்க்கும் நடுவே இருப்பது ஒரு மயிரிழை இடைவெளி. அது நிரம்பியதும் பின் குழாயோடு ஒட்டிக்கொள்கிறது. துரு ஏறிய கீல் கத்தும் என்று பலர் நினைக்கிறார்கள். கத்துகிற கீலுக்கு இன்னும் உயிர் இருக்கிறது, எண்ணெய் கேட்கிறது, அவ்வளவுதான். இறுகிய கீல் சத்தமே போடாது. கதவைப் பாதி திறந்து விட்டால் விட்ட இடத்தில் நிற்கும், கச்சான் காற்று அடித்தாலும் அசையாது. அப்படி நிற்கும் கதவைப் பார்த்து 'நல்லா டைட்டா இருக்கு' என்று சந்தோஷப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது கவலைப்பட வேண்டிய அறிகுறி.

நம்மைப் போல இரண்டு கடலுக்கு நடுவே குடியிருப்பவர்களுக்குக் காற்றிலும் ஓய்வு கிடையாது. ஆனி ஆடியில் கச்சான் வீசும்போது மன்னார் வளைகுடா, நாம் ஆண் கடல் என்கிறோமே, அந்தப் பக்கம் கொந்தளித்துச் சாரலை அள்ளி வீசும். ஐப்பசி கார்த்திகையில் வாடை திரும்பினால் பெண் கடலான பாக் நீரிணையின் முறை. மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் இடையில் வண்டியின் எந்தப் பக்கமும் தப்பாது. காரைக்குடியில் 1953ல் திறந்த சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், உலோக அரிப்பைச் சோதிப்பதற்கென்றே மண்டபம் கேம்பில் ஒரு நிலையம் வைத்தது. இரும்பு, துத்தநாகம், அலுமினியத் தகடுகளைக் கடற்காற்றில் விட்டு, எவ்வளவு எடை குறைகிறது என்று பார்ப்பது இந்த மாதிரி நிலையங்களின் வேலை. நம் காற்று ஒரு சோதனைக்கூடம் வைக்கிற அளவுக்குக் கடுமையானது என்று தெரிந்தால் கீலை யாரும் அலட்சியம் செய்ய மாட்டார்கள்.

1914ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் கப்பலுக்கு வழிவிட மேலே எழும் தூக்கு இரண்டும் இதே காற்றில்தான் நூறு வருடத்துக்கு மேல் நின்றன. அந்தத் தூக்கு ஷெர்சர் முறையில் செய்தது. நம் கதவு மாதிரி ஒரு பின்னில் மாட்டித் திரும்பாது. வளைந்த அடிப்பாகம் தண்டவாளத்தின் மேல் உருண்டபடியே எழும். பாரம் ஒரு சின்ன ஓட்டைக்குள் உரசாமல் இருப்பது எவ்வளவு பெரிய வசதி என்பது தேய்ந்த பின் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குப் புரியும். உருளுகிற இடம் வெளியே தெரியும், துடைக்கலாம், எண்ணெய் போடலாம். கீலின் பின்னை நாம் பார்ப்பதே அது கெட்ட பிறகுதான்.

சரி, கதவுக்கு வருவோம். முதலில் நோய் எங்கே என்று பார்க்க வேண்டும். கதவை ஒரு சாண் திறந்து, பூட்டுப் பக்கம் அடியில் கை கொடுத்து மேலே தூக்கி இறக்குங்கள். கண் கீலில் இருக்கட்டும். இன்னொருவர் இருந்தால் அவரைத் தூக்கச் சொல்லிவிட்டு நீங்கள் கீலில் விரலை வைத்துப் பாருங்கள், கண்ணைவிட விரலுக்கு நன்றாகத் தெரியும். குழாய்த் துண்டுகள் ஒன்றோடொன்று நகர்ந்தால் பின் தேய்ந்திருக்கிறது. கீல் தகடு மொத்தமாக பில்லரிலிருந்து விலகி ஒட்டினால் போல்ட் தளர்ந்திருக்கிறது. தகடும் போல்ட்டும் அசையாமல் பில்லரின் தகரமே மூச்சு விடுவது போல உள்ளே வெளியே போனால் தகரம் கிழிந்திருக்கிறது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. பெயிண்டில் கீலைச் சுற்றி மெல்லிய கோடு ஓடி, அதிலிருந்து பழுப்பாக வடிந்திருந்தால் மூன்றாவதைச் சந்தேகப்படுங்கள்.

பெரும்பாலும் தேய்வது மேல் கீல்தான். கதவின் பாரம் மேல் கீலைப் பில்லரிலிருந்து வெளியே இழுக்கிறது, கீழ்க் கீலை உள்ளே தள்ளுகிறது. என் ஜீப்பில் இரண்டு கீலுக்கும் நடுவே சுமார் ஒரு அடி, கதவின் அகலம் இரண்டரை அடி. மேல் கீலில் ஒரே ஒரு மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால் பூட்டுப் பக்கம் இரண்டரை மில்லி இறங்கிவிடும். பின்னில் அரை மில்லி, ஓட்டையில் அரை மில்லி என்று தேய்ந்தாலே அந்தக் கணக்கு வந்துவிடுகிறது. பூட்டில் சரிக்கட்டப் பார்க்கிறவர்கள் இந்த இரண்டரை மில்லியைத்தான் துரத்திக்கொண்டிருக்கிறார்கள்.

இறுகிய கீலில் ஆபத்து வேறு மாதிரி. பின் திரும்ப மறுத்தால் நாம் கதவை இழுக்கிற விசை எங்கேயாவது போயாக வேண்டும். அது பில்லர் தகரத்துக்குப் போகிறது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தகரம் கொஞ்சம் வளைந்து நிமிர்கிறது, கடைசியில் போல்ட்டைச் சுற்றிக் கிழிகிறது. கீலைச் சரி செய்வது ஒரு நாள் வேலை. பில்லரைச் சரி செய்வது டிங்கரிங், பட்டி, பெயிண்ட் என்று நீளும். அதனால் இறுகிய கதவைத் தோளைக் கொடுத்துத் தள்ளித் திறக்காதீர்கள். அந்த ஒரு பழக்கத்தை மட்டும் விட்டாலே வண்டி பிழைக்கும்.

இறுகியதை இளக்குவதற்கு ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள். டபிள்யூடி-40 எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. ஈரத்தை விரட்டுவதற்காக 1953ல் அமெரிக்காவில் உருவான திரவம் அது. ஈரத்தை நன்றாகவே விரட்டும், லேசான துருவை இளக்கும். ஆனால் அதையே எண்ணெய் என்று நினைத்து அடித்துவிட்டு விட்டுவிட்டால் சீக்கிரம் உலர்ந்துபோகும், பழைய கதை திரும்பும். முற்றிய துருவுக்கு நான் டீசலைத்தான் நம்புகிறேன். துணித்திரியை டீசலில் நனைத்துக் கீலின் மேல் முனையில் சுற்றி, பிளாஸ்டிக் தாளால் கட்டிவிட வேண்டும். அது மெதுவாக இறங்கிக்கொண்டே இருக்கும். காலையிலும் மாலையிலும் சின்னச் சுத்தியலால் குழாயின் மேல் டொக் டொக்கென்று தட்ட வேண்டும். அடிப்பது இல்லை, தட்டுவது. அந்த அதிர்வில் துரு நொறுங்கி, டீசல் போக வழி கிடைக்கும். அசைக்கும்போது ஒரே பக்கமாகத் தள்ளாமல், வருகிற அளவுக்குத் திறந்து, திரும்பச் சாத்தி, மறுபடி திறக்க வேண்டும். பழுப்புத் தண்ணீர் வழிய ஆரம்பித்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

அதற்கும் மசியாவிட்டால் சூடு. ஆனால் வண்டியில் வைத்துச் சூடு காட்ட வேண்டாம். என் ஜீப்பில் டீசல் டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. சீட்டு ஸ்பாஞ்ச், ரப்பர் பீடிங், ஒயர் எல்லாம் எட்டும் தூரத்தில். கீலைக் கழற்றிக் கொண்டுபோய்த் திறந்த வெளியில், வைஸில் பிடித்துத்தான் கேஸ் காட்ட வேண்டும். குழாயைச் சுற்றிச் சூடாக்கினால் குழாய் விரியும். அந்தச் சூட்டோடு பின்னின் ஓரத்தில் மெழுகுவர்த்தியை வைத்தால் மெழுகு உருகி இடுக்குக்குள் தானாக இழுத்துக்கொள்ளும். ஆறும்போது அது மசகாக நிற்கும். ஒன்றைக் கவனியுங்கள், டீசலில் ஊறிய கீலை நன்றாகத் துடைத்த பிறகே நெருப்புக்குக் கொண்டுபோக வேண்டும்.

கழற்றுவதற்கு முன்னால் கீல் தகட்டின் ஓரத்தைச் சுற்றி, பில்லரிலும் கதவிலும் கூரான ஆணியால் ஒரு கோடு கீறி வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது அந்தக் கோடுதான் வழிகாட்டி. கதவுக்கு அடியில் ஜாக், ஜாக்கின் மேல் பலகை, பலகையின் மேல் மடித்த சாக்கு. பாரத்தை முழுவதுமாக ஜாக் வாங்கிய பிறகே போல்ட்டில் ஸ்பேனர் வைக்க வேண்டும். பாரத்தோடு திருகினால் போல்ட்டின் மரை கெடும், கடைசி போல்ட் வரும்போது கதவு காலில் விழும். அந்த இரும்புக் கதவைத் தூக்க ஒருவர் போதாது. என் மைத்துனர் ஒரு பக்கம் பிடித்தார்.

கதவைத் தூக்கியபோதே அதன் எடை இயல்பானது இல்லை என்று தெரிந்தது. படுக்கப் போட்டுத் தட்டினால் உள்ளே சரசரவென்று ஓடுகிறது. அடித்தட்டில் தண்ணீர் வடிவதற்கு விட்டிருந்த ஓட்டைகள் அடைந்து, உள்ளே தனுஷ்கோடி மணல் சேர்ந்திருந்தது. இத்தனை வருடமும் அந்த மணலைச் சேர்த்துத்தான் கீல் சுமந்திருக்கிறது. மணல் சும்மாவும் கிடக்காது, உப்புத் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கதவின் அடியைத் தின்றுகொண்டிருக்கும். பழைய ஆணியால் ஓட்டைகளைக் குத்தித் திறந்து, நல்ல தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கொட்டினோம், தெளிந்த தண்ணீர் வரும் வரைக்கும். கீலைச் செப்பனிட நினைப்பவர்கள் முதலில் இதைச் செய்யுங்கள். சில வண்டிகளில் பாரம் குறைந்தாலே கதவு பாதி சரியாகிவிடும்.

பின்னை எடுக்கத் தலைப் பக்கத்தை கிரைண்டரில் சீவிவிட்டு, அடியிலிருந்து பஞ்ச் என்கிற இரும்புக் குச்சியை வைத்துத் தட்டினால் வந்துவிடும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். டிரைவர் பக்க மேல் கீலிலிருந்து வந்த பின்னை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன். 12 மில்லி ராட். குழாய்த் துண்டுகள் சந்திக்கும் இடங்களில் ஒரு பக்கம் மட்டும் பள்ளம் விழுந்து, அந்தப் பள்ளம் பளபளவென்று இருந்தது. நேர் எதிர்ப்பக்கம் கருப்பும் பழுப்புமாகத் துரு, அங்கே உரசலே இல்லை. பள்ளத்தில் வெர்னியர் அளவுகோலை வைத்தால் 11 மில்லிகூட வரவில்லை. ஓட்டையும் வட்டமாக இல்லை, பாரம் இழுத்த திசையில் முட்டை வடிவத்துக்குப் போயிருந்தது. இந்த ஓட்டையில் புதுப் பின் போட்டால் என்ன ஆகும்? குறுகிய பக்கம் தொடும், நீண்ட பக்கம் ஆடும். பின்னை மட்டும் மாற்றுகிற வேலை நிலைக்காததற்குக் காரணம் இதுதான்.

மோட்டார் வேலையில் இருப்பவனுக்கு இது பழகிய விஷயம். ஷாஃப்ட் தேய்ந்தால் புஷ்ஷையும் பார்க்காமல் விட மாட்டோம். வண்டிக் கீலுக்கு மட்டும் ஏன் அந்த மரியாதை இல்லை என்று எனக்குப் புரியவில்லை.

ராமநாதபுரத்தில் நான் வழக்கமாகப் போகும் பாயின் லேத் (கடைசல்) பட்டறைக்குக் கீல்களை எடுத்துக்கொண்டு போனேன். எஸ்.எஸ்., அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பின் போட்டுவிடலாம் என்பது என் எண்ணம்.

"எஸ்.எஸ். போட்டா துரு ஏறாதுல்ல பாய்?"

"பின்னுக்கு ஏறாது தம்பி. அதைச் சுத்தி இருக்கிற குழாய் என்ன எஸ்.எஸ்.ஸா? இது ரெண்டும் உப்புத் தண்ணியில ஒண்ணா கிடந்தா குழாய்தான் கரையும். நடுவுல கன் மெட்டல் புஷ்ஷைக் கொடு. விசைப்படகு ஷாஃப்டுக்கு என்ன போடுறான்? அதே புஷ்தான்."

அவர் சொன்னது சரி. இரண்டு வேறு உலோகங்கள் உப்பு நீரில் தொட்டுக்கொண்டிருந்தால் ஒரு சின்ன பேட்டரி உண்டாகிறது, அதில் இளைத்தது கரைகிறது. எஸ்.எஸ்.ஸுக்கும் சாதா இரும்புக்கும் நடுவே கரைவது இரும்புதான். கன் மெட்டல் செம்பும் வெள்ளீயமும் துத்தநாகமும் சேர்ந்தது, அதுவும் இரும்பைவிட மேலான உலோகம்தான். ஆகவே புஷ்ஷை இறக்கும்போது குழாயின் உட்புறத்தில் பிரைமர் தடவி இறக்கச் சொன்னேன். இடையில் தண்ணீர் போகாவிட்டால் பேட்டரி உண்டாகாது. புஷ்ஷுக்குள் பின் திரும்பும் இடத்தை கிரீஸ் பார்த்துக்கொள்ளும். பின்னுக்கு எஸ்.எஸ்.ஸில் 316 ரகம் கிடைத்தால் நல்லது, அதில் மாலிப்டினம் இருப்பதால் உப்பை 304 ரகத்தைவிட அதிகம் தாங்கும். கிடைக்காவிட்டால் ஈஎன்8 என்கிற சாதா எஃகு ராடில் கடைந்து, கிரீஸை மட்டும் விடாமல் கொடுத்து வந்தாலும் நன்றாகவே ஓடும். எஸ்.எஸ். இல்லை என்பதற்காக வேலையைத் தள்ளிப்போட வேண்டாம்.

முட்டையாகிப் போன ஓட்டையை 16 மில்லிக்குக் கடைந்து வட்டமாக்கினார். 16 மில்லி வெளிவிட்டம், 12 மில்லி உள்விட்டத்தில் புஷ். அழுத்தி இறக்கியதும் புஷ்ஷின் உள்விட்டம் கொஞ்சம் சுருங்கும். ஆகவே இறக்கிய பிறகு ரீமர் (ஓட்டையைச் சீவி அளவாக்கும் கருவி) விட்டுச் சரி செய்ய வேண்டும். அவசரத்தில் இதை விட்டுவிட்டுப் பின்னைச் சுத்தியலால் அடித்து இறக்கிக் கொடுத்தால் புதுக் கீலே இறுகிய கீலாகத்தான் வீட்டுக்கு வரும். எண்ணெய் தொட்ட பின்னை விட்டால் தன் எடையில் மெதுவாக இறங்க வேண்டும், பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரியக் கூடாது. பாய் ஒவ்வொரு கீலையும் எனக்கு அப்படி இறக்கிக் காட்டிவிட்டுத்தான் கொடுத்தார். குழாயின் நடுத் துண்டில் ஓட்டை போட்டு மரை எடுத்து, கிரீஸ் ஏற்றுவதற்கான நிப்பிளும் வைத்தோம். பின்னின் தலை மேலே இருக்கிற மாதிரி போட வேண்டும். அடியில் போடும் ஸ்பிலிட் பின் என்றாவது அறுந்து விழுந்தாலும் பின் கழன்று போகாது.

இடது பக்கம் பில்லர் தகரத்தில் கிழிசல் இருந்தது. அதன் மேல் பட்டி போட்டு மூடுவதில் பிரயோஜனம் இல்லை. கிழிசல் முனைகளில் சின்ன ஓட்டை போட்டு, அது மேலும் ஓடாமல் நிறுத்தி, உள்பக்கம் மூன்று மில்லித் தகடு கொடுத்துப் பற்றவைத்தோம். வெல்டிங் வைக்கும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் ஆல்டர்னேட்டரின் டயோடு போய்விடும். அந்த மாதிரிப் போன ஆல்டர்னேட்டர்கள் என் கடைக்கு வருகின்றன. பற்றவைத்த இடத்தை வயர் பிரஷ்ஷால் வெள்ளை இரும்பு தெரியத் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, பிறகே பிரைமர். உப்பின் மேல் அடிக்கிற பெயிண்ட் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் கொப்பளித்து எழும்.

மாட்டும்போது பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. மேல் பின்னும் கீழ்ப் பின்னும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். பட்டறையில் செய்த கீல்களில் இது பெரும்பாலும் தவறியிருக்கும். மேல் பின்னின் நடுவிலிருந்து கீழ்ப் பின்னுக்கு நூல் பிடித்து, முன்னாலிருந்து ஒரு முறையும் பக்கவாட்டிலிருந்து ஒரு முறையும் பாருங்கள். விலகல் இருந்தால் தகட்டுக்கும் பில்லருக்கும் நடுவே மெல்லிய தகடு வெட்டி வைத்துச் சரிக்கட்டலாம். கோடு தவறிய கதவு பாதி வரைக்கும் சுலபமாக வந்து அங்கே முறைத்துக்கொள்ளும், புதுப் புஷ்ஷைச் சீக்கிரமே தின்றுவிடும். முதலில் போல்ட்டுகளை விரல் இறுக்கத்தில் விட்டுக் கதவைச் சாத்தி, சுற்றிலும் இடைவெளி சீராக இருக்கிறதா என்று பார்த்து, பிறகு மேல் கீலை இறுக்கி, மறுபடி சாத்திப் பார்த்து, கீழ்க் கீலை இறுக்குங்கள். கீல் நிலைக்கு வந்த பிறகு பூட்டு எங்கே விழுகிறதோ அங்கே ஸ்ட்ரைக்கரை வைத்துக்கொள்ளலாம்.

கிரீஸ் விஷயத்தில் படகுக்காரர்களைக் கேளுங்கள். கால்சியம் சோப்பில் செய்த கிரீஸ் தண்ணீருக்கு அசையாது. சோடியம் சோப் கிரீஸ் தண்ணீர் பட்டால் கரைந்து ஓடிவிடும். சாதாரண லித்தியம் கிரீஸும் பரவாயில்லை. நிப்பிளில் கிரீஸ் கன்னை வைத்து, பழைய கிரீஸ் ஓரத்தில் பிதுங்கும் வரைக்கும் அழுத்த வேண்டும். முதலில் கருப்பாக வரும், பிறகு புதுசு தெரியும். அந்த இடத்தில் நிறுத்தி, பிதுங்கியதை மொத்தமாகத் துடைத்துவிட வேண்டும். நம் ஊரில் மணல் பறக்கிறது. வெளியே விட்ட கிரீஸில் மணல் ஒட்டினால் வால்வு தேய்க்கிற பேஸ்ட் மாதிரி ஆகி, அடுத்த முறை உள்ளே போய் அரைக்கும். அரிச்சல்முனைப் பக்கம் போய்விட்டு வந்தால் அன்றைக்கே கீல்களில் நல்ல தண்ணீர் ஊற்றிவிடுங்கள். வீட்டு போர் தண்ணீரில் கழுவுவதை நம்பாதீர்கள், எங்கள் தெருவில் பாதி போர்கள் உவர்ப்பு. ஒரு குடம் குடிதண்ணீர் கீலுக்குச் செலவழிப்பது இந்த ஊரில் பெரிய விஷயம்தான், தெரியும். குடத்தைக் கவிழ்க்க வேண்டாம், ஒரு செம்பை நிதானமாகக் கீல் மேல் விட்டால் போதும்.

இடது பக்கக் கதவு ஏன் அத்தனை மோசமானது என்று யோசித்தபோது அம்மா ஏறுவது நினைவுக்கு வந்தது. அம்மாவுக்கு முட்டி வலி. ஜீப் உயரம். ஒரு கை கதவின் மேல் விளிம்பில், ஒரு கை சீட்டில், கதவில் முழு பாரத்தையும் போட்டுத்தான் ஏறுவார். முன்பு தனுஷ்கோடிக்குப் போன பக்தர்களும் அப்படித்தான் ஏறியிருப்பார்கள், அந்தக் கதவு அத்தனை பேரையும் தாங்கியிருக்கிறது. ஒரு மனிதர் கதவின் நுனியில் தொங்கும்போது மேல் கீலுக்குப் போகிற இழுப்பு, கதவின் சொந்த பாரம் கொடுப்பதைவிடப் பல மடங்கு. எந்தக் கீலும் இதற்காகச் செய்தது இல்லை. ஆகவே விண்ட்ஷீல்டு ஃபிரேமை ஒட்டி ஒரு கைப்பிடியும், அடியில் சேஸிஸோடு சேர்த்து ஒரு படியும் வைத்தோம். படியின் உயரத்தை அம்மாவை நிற்கவைத்தே அளந்தேன். இப்போது கதவைத் தொடாமலே ஏறுகிறார். என்னைக் கேட்டால் இந்த மொத்த வேலையிலும் கீலின் ஆயுளைக் கூட்டியது புஷ்ஷைவிட இந்தக் கைப்பிடிதான் என்பேன். வயதானவர்களை ஏற்றும் வண்டி எதுவானாலும் இதை வைத்துவிடுங்கள்.

மாருதி மாதிரி வண்டி வைத்திருப்பவர்கள் கடைக்கு வரும்போது இதையே செய்யலாமா என்று கேட்கிறார்கள். பெரும்பாலான கார்களில் கீல் அச்சில் அழுத்திய தகடு, பின்னின் முனையை அடித்து மூடியிருப்பார்கள். அதைக் கடைந்து புஷ் போட சதை இருக்காது. கீலையே புதிதாக வாங்கி மாட்டுவதுதான் வழி, விலையும் லேத் கூலிக்குப் பக்கத்தில்தான் வரும். போல்ட்டைக் கழற்றுவதற்கு முன்னால் கோடு கீறுவது, ஜாக் கொடுப்பது, கதவுக்குள் போகும் ஒயரை இழுத்துவிடாமல் பார்ப்பது, கதவு அளவுக்கு மேல் திறக்காமல் பிடிக்கும் செக் ஸ்ட்ராப்பை முதலில் கழற்றுவது, இவை எல்லா வண்டிக்கும் பொது. ஓம்னி என்றால் முன் கதவுக்கு மட்டும்தான் இந்தக் கதை. பின்னால் இருப்பது தள்ளுகதவு, அது ரோலரில் ஓடுகிறது. அங்கே கீழ்ப் பாதையில் சேரும் மணலைக் கூட்டி எடுத்துவிட்டு, ரோலர் சுற்றுகிறதா, இழுபடுகிறதா என்று பாருங்கள். இழுபட்டு ஒரு பக்கம் தட்டையாகிப் போயிருந்தால் மாற்றிவிடுங்கள், எண்ணெய் ஊற்றி அது சரியாகாது.